கண் திறந்த ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி உண்டு. அதை நம்புகிறவர்கள் வீட்டில் ஓர் ஆமை புகுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் 2025-ஆம் வருஷம் ஜனவரி மாதம் எங்கள் வீட்டுக்குள் ஓர் ஆமை புகுந்தது. பயப்படாதீர்கள், நிஜ ஆமை அல்ல. காகிதத்தில் வர்ணப் பென்சிலால் தீட்டிய ஆமைதான். அதைக் கூடத்துச் சுவரில் மாட்டலாமா, கூடாதா என்று என் தாயாருக்கும் என் அக்காள் மகளுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் வழக்கு நடந்தது.

வழக்கில் தீர்ப்பு என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஆமை பிறந்த கதையைக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் நீங்களும் பென்சிலைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அக்காள் மகளுக்கு ஒன்பது வயது. அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை, சூரியோதயம் காட்டுகிறேன் என்று அவளைத் திருவான்மியூர்க் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். சூரியன் என்னவோ ஒழுங்காகத்தான் உதித்தான். ஆனால் அவள் அதைப் பார்க்கவே இல்லை. அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் ஓர் ஆமை செத்துக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

சுமார் இரண்டடி நீளம். ஓடு காய்ந்து, சாம்பல் பூத்து, வெளிறிப் போயிருந்தது. கழுத்து வீங்கியிருந்தது. கண்ணைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. காக்கைகள் நமக்கு முந்திக்கொண்டுவிட்டன.

சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "பங்குனி ஆமை, பாப்பா. முட்டை இடறதுக்குக் கரைக்கு வந்திருக்கும். இழுவை வலையில மாட்டி மூச்சு முட்டிச் செத்துப்போச்சு" என்றார்.

"கடல்ல இருக்கிற ஆமை தண்ணியில எப்படித் தாத்தா மூச்சு முட்டும்?" என்று கேட்டாள் இவள்.

நல்ல கேள்விதான். ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். கடலடியில் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு போகும் வலைக்குள் அகப்பட்டால் மேலே வர வழியில்லை. அந்த ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் இப்படி ஒதுங்கிய ஆமைகள் நூற்றுக்கணக்கில். பத்திரிகைகளில் செய்தி வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

அவளுக்கு இந்தச் செய்தியெல்லாம் தெரியாது. ஒரு குச்சியை எடுத்து, ஆமையின் ஓட்டில் இருந்த தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இதை நான் வரையணும்" என்றாள். வீடு வரும் வரையில் வேறொன்றும் பேசவில்லை.

வீட்டில் பென்ஸில் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. அவள் பிறந்த நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. நீர்வர்ணப் பென்ஸில், பன்னிரண்டு நிறம். பார்ப்பதற்குச் சாதாரணக் கலர் பென்ஸில் மாதிரியே இருக்கும். ஆனால் சாதாரணப் பென்ஸிலில் நிறப்பொடியை மெழுகு பிடித்துக்கொண்டிருக்கும். இதில் பிடித்துக்கொண்டிருப்பது தண்ணீரில் கரைகிற பசை. காகிதத்தில் தீட்டிவிட்டு ஈரத் தூரிகையால் தடவினால் கோடெல்லாம் கரைந்து வர்ணக் குழம்பாகிவிடும். ஸ்விட்ஜர்லாந்தில் ஜெனீவா நகரத்துக் காரன் டாஷ் கம்பெனி 1931-லேயே இப்படிப்பட்ட பென்ஸிலை விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டது. வர்ணக் குப்பி, தட்டு, கலக்கல் என்ற தொல்லை இல்லை. சமையலறை மேஜை போதும். வீட்டில் குழந்தை குட்டி உள்ளவர்களுக்கு இதைவிடத் தோதான சித்திரச் சாமான் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் நான்தான் பென்ஸிலை எடுத்தேன். காலேஜில் படித்தவன், பத்திரிகையில் வேலை பார்க்கிறவன், ஓர் ஆமை போடத் தெரியாதா? வட்டமாக ஓடு, அதற்குள் தேன்கூடு மாதிரி கட்டம், கீழே விரலோடு நாலு கால், பாதி உள்ளே இழுத்த தலை. இரண்டே நிமிஷத்தில் போட்டு நீட்டினேன்.

அவள் பார்த்தாள். "இது நாம பார்த்த ஆமை இல்லை, மாமா" என்றாள்.

உண்மைதான். நான் வரைந்தது ஏதோ பாலபாடப் புத்தகத்து ஆமை. கடல் ஆமைக்கு விரலோடு கால் கிடையாது, துடுப்புத்தான். தலையையும் துடுப்புகளையும் அதனால் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் முடியாது. புலனடக்கத்துக்கு வள்ளுவர் உவமை சொன்ன ஆமை வேறு. இந்த ஆமைக்கு ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ள வீடில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் ஒரு பெரிய மனிதரின் ஞாபகம் வந்து ஆறுதல் அளித்தது. ஜெர்மனி தேசத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் என்பவரைச் சொல்கிறேன். ஃபாபர் காஸ்டல் கம்பெனியார் தங்கள் நீர்வர்ணப் பென்ஸிலுக்கு இவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1502-இல் இவர் தீட்டிய முயல் படம் பிரசித்தமானது. உடம்பில் மயிர் ஒவ்வொன்றும் தெரியும். அதே டூரர் 1515-இல் ஒரு காண்டாமிருகம் போட்டார். அது நம் இந்தியாவிலிருந்து கப்பலில் லிஸ்பன் நகரம் போய்ச் சேர்ந்த மிருகம். டூரர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. யாரோ எழுதிய வர்ணனையையும் ஒரு கோட்டுச் சித்திரத்தையும் வைத்துக்கொண்டு போட்டார். மிருகத்துக்குப் போர்வீரன் கவசம் மாதிரி தகடுகள் வந்துவிட்டன. முதுகில் இல்லாத கொம்பு ஒன்றும் முளைத்துவிட்டது! முயலைப் பார்த்துப் போட்டார், முயல் வந்தது. காண்டாமிருகத்தைக் கேட்டுப் போட்டார், கவசம் வந்தது.

அதே டூரர் 1520-ஆம் வருஷம் டிசம்பர்க் குளிரில், கரை ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றைப் பார்ப்பதற்காக நெதர்லாந்தின் ஜீலாந்து கடற்கரைக்குப் பிரயாணம் செய்தார். போய்ச் சேருவதற்குள் அலை அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. பார்த்த பிறகுதான் வரைய வேண்டும் என்பதை அவர் எவ்வளவு உணர்ந்திருந்தார், பாருங்கள்.

எங்கள் வீட்டுச் சின்னது அப்படிப் பிரயாணம் செய்யவில்லை. ஆனால் அவள் எண்ணியிருந்தாள். "நடு வரிசையில் ஐந்து. இடது பக்கம் ஆறு. வலது பக்கம் ஏழு" என்றாள்.

"இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீ தப்பாக எண்ணியிருப்பாய்" என்றேன். மறுபடியும் தோற்றேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், பங்குனி ஆமையின் அடையாளமே அதுதானாம். மற்றக் கடல் ஆமைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத் தகடுகள் நாலு, ஐந்து என்று கணக்காக இருக்கும். இதற்கு மட்டும் ஆறு, ஏழு என்று கூடுதல். இடமும் வலமும் ஒத்துப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே நேயர்களே, காகிதத்தை இரண்டாக மடித்து ஒரு பாதி போட்டு மறு பாதி ஒற்றி எடுக்கிற வித்தை இந்த ஆமையிடம் செல்லாது.

இனி, நாங்கள் வரைந்த முறையைச் சொல்கிறேன்.

காகிதம் கனமாக இருக்கட்டும். சாதாரண டிராயிங் நோட்டு ஈரம் பட்டால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வர்ணக் காகிதம் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். நாலு ஓரத்தையும் காகித நாடாவால் பலகையில் ஒட்டிவிடுங்கள். நடுத்தர அளவில் கூர் முனை உள்ள ஓர் உருண்டைத் தூரிகை, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு பழைய வேஷ்டித் துணி. ஒரு டம்ளர் தூரிகையைக் கழுவ, இன்னொன்று சுத்தமான நீருக்கு. காப்பி டம்ளரை மட்டும் எட்டக் கொண்டுபோய் வையுங்கள். நான் ஒரு தடவை தூரிகையை அதில்தான் முக்கினேன்.

உருவத்தை எழுதக் கறுப்புப் பென்ஸில் வேண்டாம். வர்ணம் மேலே ஏறிய பிறகு அந்தக் கோடு அழியாது. வெளிர் மஞ்சள் நீர்வர்ணப் பென்ஸிலாலேயே லேசாக எழுதுங்கள். தண்ணீர் பட்டதும் அது வர்ணத்தோடு கலந்து மறைந்துவிடும். ஓடு இருதய வடிவம், ஆனால் ஏறக்குறைய வட்டம். முன் துடுப்பு நீளம், பின் துடுப்பு குட்டை. முன்னது துடுப்பு வேலை செய்யும், பின்னது சுக்கான் வேலை செய்யும்.

நிறம் போடுமுன் வேறொரு காகிதத் துண்டில் பன்னிரண்டு நிறத்தையும் தீட்டி, பாதியை மட்டும் நனைத்துப் பாருங்கள். உலர்ந்த நிறம் ஒன்று, நனைந்த நிறம் இன்னொன்று. உலர்ந்தபோது சோகையாக இருந்த பச்சை, நீர் பட்டதும் கண்ணைப் பறிக்கும். அவள் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, "மாமா, கரையில் கிடந்தபோது அது சாம்பலாக இருந்ததே, தண்ணீருக்குள் இருந்திருந்தால் இப்படி இருந்திருக்குமா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். காய்ந்த ஓட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் பாசிப் பச்சை மேலே வரும். அந்தப் பச்சையை வைத்துத்தான் இங்கிலீஷ்காரர்கள் இதற்கு ஆலிவ் ஆமை என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நிறம் பெட்டியில் இருக்காது, நாமே உண்டாக்க வேண்டும். முதலில் ஓடு முழுவதும் காவி மஞ்சள். அதன் மேல் பச்சை. அதன் மேல் ஓரங்களில் மட்டும் பழுப்பு. அழுத்தித் தீட்டாதீர்கள், மூன்றும் மெல்லிய கோடுகளாக ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். பழுப்போடு கொஞ்சம் நீலம் சேர்த்தால் போதும். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே நூல் அளவு வெறும் காகிதம் விட்டுவிடுங்கள். அந்த வெள்ளைதான் வரப்பு. ஈர வர்ணம் அதைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போகாது.

இப்போது நனைக்க வேண்டியது. தூரிகை சொட்டக் கூடாது. துணியில் ஒரு தரம் ஒற்றிவிட்டு, வெளிறிய இடத்திலிருந்து இருண்ட இடத்துக்குப் போங்கள். ஒரு தகட்டை நனைத்தால் அடுத்ததை விட்டு அதற்கடுத்ததை நனையுங்கள். முதலாவது காய்ந்த பிறகுதான் அதன் அண்டை வீட்டைத் தொடலாம். இந்த இடத்தில் பொறுமை மிகவும் அவசியம். எனக்கு அது கிடையாது. ஆபீசுக்கு நேரமாகிறதென்று அவசரப்பட்டு வலப் பக்கத்து ஏழாவது தகட்டை நனைத்தேன். பச்சை வழிந்து ஆறாவது தகட்டில் போய்ச் சேர்ந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சுத்தமான ஈரத் தூரிகையால் அந்த இடத்தைத் தடவித் துணியால் ஒற்றி எடுத்தேன். முக்கால்வாசி போயிற்று. மீதிக் கறை இன்றைக்கும் இருக்கிறது. விருந்தாளிகள் அதைப் பாசி என்று நினைக்கிறார்கள்.

தலையிலும் துடுப்பிலும் உள்ள செதிலுக்கு ஒரு தந்திரம் உண்டு. பென்ஸில் முனையைத் தண்ணீரில் தோய்த்து வரைந்தால் கோடு மை மாதிரி அழுத்தமாக விழும். வயிற்றுப் பக்கம் வெளிறிய மஞ்சள் போதும். மேலிருந்து பார்ப்பவருக்கு இருண்ட முதுகு ஆழத்தோடு கலந்துவிடும், கீழிருந்து பார்ப்பவருக்கு வெளிறிய வயிறு வானத்தோடு கலந்துவிடும். இது இயற்கை போட்ட வேஷம். சுற்றிலும் கடலுக்கு, காகிதத்தை முதலில் வெறும் நீரால் நனைத்துவிட்டு, நீலப் பென்ஸில் முனையைத் தூரிகையால் தொட்டு வர்ணம் எடுத்துத் தடவுங்கள். சிவப்பை அங்கே சேர்க்க வேண்டாம். கடலுக்குள் இறங்க இறங்க முதலில் காணாமல் போவது சிவப்புத்தான்.

எல்லாம் முடிந்தது. கண் மட்டும் பாக்கி.

"போடு" என்றேன்.

"மாட்டேன். நான் அதன் கண்ணைப் பார்க்கவில்லையே" என்றாள்.

புத்தகத்தில் போட்டோ இருந்தது. காட்டினேன். தலையை ஆட்டிவிட்டாள். கண் இருக்க வேண்டிய இடம் சின்ன வெள்ளை வட்டமாகவே நின்றது. அந்தப் படத்தைத்தான் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். என் தாயார் ஒரே வார்த்தையில் மறுத்தாள். "ஆமையே ஆகாது. அதிலும் கண் இல்லாத ஆமையா? கோயில் சிலைக்குக்கூடக் கண் திறந்த பிறகுதானடி பூஜை" என்றாள். படம் பீரோவுக்குப் பின்னால் போயிற்று.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் ஆமை நடைக்குப் போனோம். சென்னைக் கரையில் ஆமை முட்டைகளைத் தேடி இரவில் நடக்கிற வழக்கம் 1970-களில் ஆரம்பித்தது. 1988 முதல் மாணவர்களே ஒரு சங்கம் வைத்து அதை நடத்தி வருகிறார்கள். நாயும் நரியும் மனிதர் காலும் படாமல், முட்டைகளை எடுத்துக் காவலுள்ள மணலில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவது அவர்கள் வேலை. பல மைல் மணலில் நடக்க வேண்டும். விளக்குப் போடக் கூடாது, பேசக் கூடாது. எத்தனையோ பேர் இரவு முழுவதும் நடந்தும் ஆமையைக் காணாமல் திரும்பியிருக்கிறார்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

அலையிலிருந்து ஒரு கல் நகர்ந்து வருவது மாதிரி வந்தது. பின் துடுப்புகளால் மணலை அள்ளி அள்ளிக் குடம் மாதிரி குழி தோண்டிற்று. முட்டை இட்டது. தொண்டர்கள் பிறகு எண்ணியபோது நூற்றுக்கு மேல் இருந்தது. மணலை மூடிய பின் உடம்பை இடமும் வலமும் ஆட்டித் தொம் தொம் என்று அந்த இடத்தைக் கெட்டித்தது. சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்கை ஒரு தொண்டர் சற்றே காட்டினார். அவள் மண்டியிட்டுக் கண்ணைப் பார்த்தாள். கரிய, பெரிய கண். அதிலிருந்து தடிமனாக நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அழுதா, மாமா?" என்று காதோடு கேட்டாள்.

இல்லை. கடல் நீரோடு உள்ளே போகிற உப்பை வெளியேற்றக் கண்ணருகே ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் வேலை அது. இப்படி நான் விளக்கம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே சரியாக வரவில்லை.

மறு நாள் காலையில் பீரோவுக்குப் பின்னாலிருந்து படம் வெளியே வந்தது. கண்ணைச் சுற்றிப் பழுப்பும் நீலமும் சேர்த்து இருட்டாக்கினாள். நடுவில் கடுகளவு வெள்ளைக் காகிதத்தைத் தொடாமல் விட்டாள். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது நாம் போடுவதல்ல, நாம் விட்டு வைப்பது. ஒரு தடவை மூடிவிட்டால் அந்தப் பளபளப்பு பழையபடி திரும்பாது. ஆகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டினாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கண் திறந்தது.

என் தாயார் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். "பிள்ளைத்தாய்ச்சி மாதிரி களைப்பா இருக்குதே இது முகம்" என்றாள். அப்புறம், "ஆணி அந்தப் பக்கம் அடி. இந்தப் பக்கம் வெயில் படும்" என்றாள். தீர்ப்பு அதுதான். அப்பீல் கிடையாது.

அந்தப் பெரியவர் சொன்னதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். மீன் பிடிக்கிறவர்கள் ஆமைக்குப் பகைவர்கள் அல்லர். இழுவை வலைக்குள் ஒரு கம்பித் தடுப்பும் மேலே ஒரு வாசலும் வைத்துத் தைத்தால், இறால் கம்பிக்கு இடையே உள்ளே போய்விடும், ஆமை வாசல் வழியாக வெளியே போய்விடும். கரையோரக் கடலில் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் யானை, புலிக்குள்ள முதல் அட்டவணைப் பாதுகாப்பு கடல் ஆமைக்கும் உண்டு. விதிகளுக்குக் குறைவில்லை. அந்த விதிகள் நடக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற கண்கள்தான் வேண்டும்.

ஒரு பிராணியை வரைந்தவர்கள் அதை மறப்பதில்லை. தகட்டை எண்ணியவர்கள், துடுப்பை அளந்தவர்கள், கண்ணில் கடுகளவு வெளிச்சம் விட்டவர்கள், செய்தித்தாளில் ஆமை என்ற சொல் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக மாட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் குழந்தைகளை உட்கார வைத்து ஆரம்பியுங்கள். படம் கோணலாக வந்தால் பாதகமில்லை. படத்தின் கீழே எங்கள் வீட்டுச் சின்னது எழுதி வைத்திருக்கிறாள்: "நடு 5, இடது 6, வலது 7." அவள் தன் பெயரை எழுதவில்லை.